உண்ணும்போது வீங்கும் தாடை: உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்

உணவு உண்ணத் தொடங்கியதும் தாடையின் கீழ்ப்புறம் வீங்கி வலிக்கிறது. சில மணி நேரத்தில் தானே வடிந்துவிடுகிறது. இதைப் பல்வலி என்றோ ‘பொன்னுக்கு வீங்கி’ என்றோ கருதிச் சிலர் மாதக்கணக்கில் காலந்தாழ்த்துகின்றனர். உணவுவேளையில் வந்து மறையும் வீக்கம் உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்லின் முக்கிய அறிகுறியாகும்.

உமிழ்நீரிலுள்ள கால்சியம் உப்புகள் படிந்து இக்கல் உருவாகிறது. ஏறத்தாழ 80 விழுக்காடு கற்கள் கீழ்த்தாடைச் சுரப்பியில் தோன்றுகின்றன. அதன் உமிழ்நீர் கெட்டியானது. நீண்ட நாளத்தின் வழியே மேல்நோக்கிச் செல்ல வேண்டியது. உண்ணும்போது உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கும். கல் வழியை அடைத்திருப்பதால் சுரப்பி வீங்குகிறது.

நாக்கின் அடியில் விரலால் தடவியே சில கற்களைக் கண்டறியலாம். மற்றவற்றை அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் காட்டிவிடும்.

சிறிய கற்கள் மிகுந்த நீர் அருந்துதல், எலுமிச்சை போன்ற புளிப்புச் சுவை, வெந்நீர் ஒத்தடம், சுரப்பியை மென்மையாக நீவுதல் ஆகியவற்றால் வெளியேறக்கூடும். நாளத்தின் வாயருகே உள்ள கல்லை, மரத்துப்போகும் ஊசியிட்டு வாய்க்குள்ளேயே கீறி எடுக்கலாம். முகத்தில் தழும்பு விழாது. உள்ளே தங்கிய சிறு கற்களை நுண்ணிய எண்டோஸ்கோப் மூலம் அகற்றலாம். சுரப்பியையே நீக்குவது இறுதி வழி. அப்போதும் பிற சுரப்பிகள் உமிழ்நீர் தரும்.

ஊசி, குச்சி கொண்டு கல்லைக் குத்தி எடுக்க முயலாதீர்கள். காய்ச்சல், சீழ், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வலியின்றி, வடியாமல் நிலைத்திருக்கும் கட்டியையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கள்ளிக்குப்பம், அம்பத்தூர் பகுதிகளில் வெயிலில் பணிபுரிவோர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துவது நன்று.