முழுப் பூசணிக்காயை அல்வாவில் மறைத்தேன்!

‘முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள்’ என்று சிலரைச் சொல்வார்களே... அந்த ஆள் சாட்சாத் அடியேன்தான் ஸார். என்ன, சோற்றுக்குப் பதிலாக அல்வா. அவ்வளவுதான் வித்தியாசம்!

ஆவடி கோவில்பதாகையில் ஒரு மாடி போர்ஷன். அதில் மூன்று பிரம்மச்சாரிகள். நான் கும்பகோணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதுகிறேன். இன்னொருத்தன் திருநெல்வேலி. மூன்றாவது ஆள் கோயமுத்தூர். அமெரிக்காக்காரன் விழித்திருக்கும்போது தானும் விழித்திருப்பது அவன் உத்தியோகம்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. ஒரு பக்கம் 1965-ல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்த கனரக வாகனத் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. நடுவில் எண்ணிலடங்காத லேத் பட்டறைகள், மெக்கானிக் ஷெட்டுகள். வீட்டுக்கு ஒருத்தராவது ஸ்பேனர் பிடித்தவராக இருப்பார். மிஷினுக்கு மாலை, ஆட்டோவுக்கு வாழைக்கன்று, எல்லாருக்கும் பொரிகடலை... அன்றைக்கு எங்கள் ஊரே சந்தனம் குங்குமத்தோடு மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

2019-ம் வருஷம். அக்டோபர் 7. ஆவடி மாநகராட்சி ஆன அதே வருஷம்தான். சாயங்காலம் லேசாகத் தூறல். ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு வெண்பூசணியைக் கொண்டு வந்து கொடுத்தார்.

“தம்பி, வண்டிங்களுக்குப் பொட்டு வெச்சு இத சுத்திப் போட்டுடுங்கப்பா. கண்ணு பட்டதெல்லாம் போவட்டும்.”

எங்களிடம் இருந்த ஆயுதங்கள்: இரண்டு பைக், ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு லேப்டாப். கோயமுத்தூர்க்காரன் பக்தி முற்றி லேப்டாப்பின் காமிரா மேலேயே சந்தனம் வைத்துவிட, அன்று ராத்திரி அமெரிக்காக்காரன் மீட்டிங்கில் மஞ்சள் இருட்டைத்தான் பார்த்தானாம்!

பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, சில்லறையைப் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்று சுற்றி... தெருமுனையில் நட்டநடு ரோட்டில் ‘தொப்’பென்று போட்டேன். சிதறின சிதறலில் எதிர் வீட்டு கேட் வரைக்கும் சிவப்பு. “சூப்பர் அண்ணா!” என்று பொடிசுகள் சில்லறைக்குப் பாய்ந்தன. எனக்கு ஏதோ கோல்டு மெடல் வாங்கின மாதிரி இருந்தது. மேலே போய்ப் பொரி சாப்பிட்டேன்.

ராத்திரி ஒன்பதரை இருக்கும். கீழே ‘சர்ர்ர்... டமால்!’

ஓடினோம். டி.வி.எஸ். எக்ஸெல் ஒன்று குப்புறக் கிடந்தது. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், ரோட்டில் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் கொடுத்த பொரி பாக்கெட் கிழிந்து, பொரியெல்லாம் ரோட்டில். சட்டையில் சிவப்பு. எது குங்குமம், எது ரத்தம் என்று தெரியவில்லை. தெருவிளக்கும் எரியவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மனிதருக்கு லேத்தில் வேலை, தினக்கூலி. கை ஓடினால்தான் காசு. இரண்டு பிள்ளைகள்.

எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போது கேட்டார். “யாரு தம்பி அங்க ஒடச்சது?”

“தெரியலண்ணே... யாராவது சின்னப் பசங்களா இருக்கும்.”

இதுதான் ஸார் நான் மறைத்த பூசணிக்காய்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வெண்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான். நசுங்கின சதையும், வழவழவென்று விதையைச் சுற்றியிருக்கிற சோறும் தார் ரோட்டில் பரவினால் சோப்பு நுரைக்கு அண்ணன். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அப்படியே படுத்துவிடும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் போலீஸும் மாநகராட்சியும் ‘ரோட்டில் உடைக்காதீர்கள்’ என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் பேப்பரில் படித்துவிட்டு, ‘கரெக்ட்தானே’ என்று பக்கத்தைப் புரட்டியவன்தான்!

பலி கொடுப்பதற்குப் பதிலாகத்தான் பூசணிக்காய் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓர் உயிரைக் காப்பாற்ற வந்த காய். அதை வைத்து நான் ஒருத்தர் கையை உடைத்திருக்கிறேன்.

பணமாகக் கொடுத்துப் பார்த்தேன். “இன்னா தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனியே, அதுவே பெருசு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அது இன்னும் வலித்தது. ரூமில் உண்மையைச் சொன்னேன். திருநெல்வேலிக்காரன் யோசித்தான்.

“தீவாளி வருதுல்லா? அல்வா கிண்டிக் கொண்டுபோய்க் குடுத்து, உள்ளதச் சொல்லிருல.”

“எந்த அல்வா?”

“எதால தப்பு நடந்துச்சோ அதாலயேதான். தடியங்காய் அல்வா!”

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சாம்பல் பூத்த வெள்ளைக் காய் எனக்குக் கல்யாணப் பூசணி, திருநெல்வேலிக்காரனுக்குத் தடியங்காய். மஞ்சளாக இருப்பது எனக்குப் பறங்கிக்காய், கோயமுத்தூர்க்காரனுக்கு அரசாணிக்காய், திருநெல்வேலியில் அதுதான் பூசணிக்காய்! வெள்ளை நம் ஆசியாவின் பழைய காய். மஞ்சள், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பறங்கியர் கப்பலில் வந்ததால் பறங்கிக்காய் என்பார்கள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மார்க்கெட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். முந்தின நாள் ராஜா மாதிரி விலை சொன்ன பூசணி, ஓரத்தில் அநாதையாகக் குவிந்து கிடக்கும். அப்படிக் கிடந்ததில் ஒன்றை வாங்கி வந்து வைத்திருந்தேன். மேலே சாம்பல் மாதிரி இருப்பது ஒரு மெழுகுப் பூச்சு. வெட்டாமல் வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. தீபாவளிக்கு முந்தின நாள் அறுவை சிகிச்சை.

முதல் ரவுண்டு படுதோல்வி. துருவலும் சர்க்கரையும் ஒன்றாகக் கொட்டினேன். துருவல் வேகாமல் நார் நாராக விறைத்துக்கொண்டது. “ஏலே, இது அல்வா இல்ல, பல்லுக்குப் பரீட்ச!” என்றான் அல்வா தேசத்துக்காரன். இரண்டாவது ரவுண்டு ஹவுஸ் ஓனர் அம்மாவின் மேற்பார்வையில். குறித்துக்கொள்ளுங்கள்:

தோல், விதை, நடுச்சோறு நீக்கித் துருவவும். துணியில் போட்டுப் பிழியவும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பிழிந்த துருவல் இரண்டு கப். அடிகனமான வாணலியில் இரண்டு ஸ்பூன் நெய் விட்டு வதக்கி, பிழிந்த தண்ணீரிலேயே கொஞ்சம் தெளித்து வேகவிடவும். கண்ணாடி மாதிரி வெந்து, ஈரம் சுண்டின பிறகுதான் சர்க்கரை. ஒரு கப் போதும். இளகிக் கொதிக்கும், பயப்படாமல் கிளறவும். இடையிடையே நெய், எல்லாம் சேர்த்துக் கால் கப்புக்கு மேல் வேண்டாம். சுருண்டு ஓரத்தில் ஒட்டாமல் வரும்போது ஏலக்காய், வறுத்த முந்திரி, பாலில் ஊறின குங்குமப்பூ. கல்யாணப் பந்தியில் ‘காசி அல்வா’ என்று இலை ஓரத்தில் துளியூண்டு வைப்பார்களே, அதேதான்!

கோயமுத்தூர்க்காரன் சும்மா இருப்பானா? “எங்க ஆபீஸ்ல 31-ம் தேதி ஹாலோவீனுங்க. அமெரிக்காக்காரன் அரசாணிக்காய்க்குக் கண்ணு, மூக்கு வெட்டி வாசல்ல வெப்பானுங்க. காய வெச்சு கேக், பை எல்லாம் சுடுவானுங்க” என்றான். யோசித்தால் நாமும் அதே ஜாதிதான். புது வீட்டு வாசலில் பூதம் வரைந்து பூசணி கட்டுகிறோமே!

அந்தப் பிள்ளைகளுக்காக அவன் கேக் சுட்டான். அவன் எங்கே ஓவனுக்குப் போவான்? ஹவுஸ் ஓனர் அம்மாவின் பழைய குக்கர்தான். கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஓர் அங்குலத்துக்குக் கல்லுப்பு, மேலே ஒரு ஸ்டாண்ட். தண்ணீர் கூடவே கூடாது. பத்து நிமிஷம் காயவிட வேண்டும். ஆவியில் வெந்து மசித்த பறங்கிக்காய் ஒரு கப், நாட்டுச் சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப், முட்டை இரண்டு. இதை அடித்து, சலித்த மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், பட்டைப் பொடி, சுக்கு, துளி ஜாதிக்காய் சேர்த்துக் கலந்து, நெய் தடவிய டப்பாவில் ஊற்றி உள்ளே இறக்க வேண்டும். சிறு தீயில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். குச்சியால் குத்தினால் ஒட்டக் கூடாது. மாடி முழுக்க வந்த வாசனையில், கீழ் போர்ஷன் குழந்தைகள் படியேறி வந்து வரிசையில் நின்றுவிட்டன.

அக்டோபர் 27, தீபாவளி. ஒரு டிபன் பாக்ஸில் அல்வா, இன்னொன்றில் கேக். பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அண்ணன் கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேக்கைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டன. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“அண்ணே... அன்னிக்கு அந்தப் பூசணிக்காய ஒடச்சது நான்தான்.”

அவர் இடது கையால் ஒரு விள்ளல் அல்வாவை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“அன்னிக்கே தெரியும் தம்பி. என்னத் தூக்க வந்தப்போ ஒன் கையெல்லாம் குங்குமம். அன்னிக்கு நீ குடுத்ததும் அல்வாதான். ஆனா இதுதான் நல்லா கீது!”

அடுத்த ஒரு மாதத்துக்குத் தினம் காலையில் அவர் பிள்ளைகளை என் பைக்கில் பள்ளிக்கூடத்தில் விட்டது நான்தான். அதற்கு மட்டும் அவர் மறுப்பு சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் ஆயுத பூஜைக்கு ஒரே ஒரு பூசணிக்காய்தான் உடையும். அதுவும் ரோட்டில் இல்லை. சுவர் ஓரமாகக் கோணியை விரித்து, அதன் மேல். உடைத்தவுடன் சுருட்டிக் குப்பை வண்டிக்கு. மற்ற வீட்டுப் பூசணிகள் எல்லாம் சுற்றாமல் வாணலிக்கு. கிண்டுவது திருநெல்வேலி, துருவுவது தெரு முழுக்க.

தண்ணீர் ஊற்றித் துடைப்பம் போடும் டிபார்ட்மென்ட் மட்டும் நிரந்தரமாக எனக்கு. சூப்பர்வைசர், அந்த அண்ணன்.

“தம்பி, அந்த மூலையில ஒரு துண்டு கெடக்குது பாரு!”