பழைய குழாய்களில் புதிய இசை

குழாய் ஆர்கனுக்குப் புதிதாக எழுதும் இசையமைப்பாளர்கள் முந்நூறு, நானூறு ஆண்டுப் பழைய இசையிடம் அடிக்கடி போவதைப் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது எளிது. அதற்கான காரணத்தில் பாதியாவது அந்த எந்திரத்துக்குள் இருக்கிறது என்பது என் கட்சி. ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் கட்டையை அழுத்தினால் காற்றுக்கு வழி திறக்கும். ஆனால் அந்தக் காற்று போய்ச் சேர்வது உலோகத்திலோ மரத்திலோ செய்த தனித்தனிக் குழாய்களுக்கு. ஒரே குரல் கொண்ட குழாய்கள் சேர்ந்தது ஒரு வரிசை. எந்த வரிசை ஒலிக்கவேண்டும் என்பதை வாசிப்பவர் பக்கவாட்டுக் குமிழ்களை இழுத்து முடிவு செய்கிறார். விரலை எடுக்கும்வரை ஒலி தேயாது. ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் அதன் அளவும் மாறாது. பியானோ வாசிப்பவர் ஒரு சுரத்தை மட்டும் உரக்க ஒலித்து மெட்டை முன்னே நிறுத்தலாம். இங்கே அது நடக்காது. மெட்டுக்கென்று தனி வரிசை ஒதுக்கவேண்டும், அல்லது நீண்ட சுரங்களாகக் கால்கட்டைகளில் அதை இறக்கிவிட்டு மற்ற குரல்களை மேலே ஓடவிடவேண்டும். இந்த உபாயங்களில் கரைகண்டவர்கள் 17ஆம் நூற்றாண்டின் வட ஜெர்மானியர்கள்.

வட ஜெர்மனியின் லூபெக் நகரிலுள்ள யாகோபி தேவாலயத்தில் ஹூகோ டிஸ்ட்லர் 1931இல் ஆர்கன் கலைஞராகச் சேர்ந்தபோது அவர் கைக்கு வந்தது இப்படியொரு கருவி. அங்குள்ள சிறிய ஆர்கனை ஷ்டெல்வாகன் என்பவர் 1637இல் விரிவாக்கிக் கட்டினார். அதன் சில குழாய்கள் அதற்கும் மூத்தவை. 19ஆம் நூற்றாண்டு ஆர்கன்கள் ஆர்கெஸ்ட்ராவாக முழங்க ஆசைப்பட்டன. இதிலோ ஒவ்வொரு குரலும் கூர்மையாகப் பிரிந்து கேட்கும். 'நுன் கோம், டெர் ஹைடன் ஹைலண்ட்' என்ற லூதர் காலத்துப் பாடலை வைத்து டிஸ்ட்லர் எழுதிய பார்ட்டிட்டா என்ற மாறுபாட்டுத் தொடர் இந்த ஒலியிலிருந்து பிறந்தது. அதில் ஒரு சாக்கோன் வருகிறது: அடியில் ஒரே சிறு சுரத்தொடர் சுழன்றுகொண்டிருக்க, மேலே சுற்றுக்குச் சுற்று புதிய பின்னல். அதே நகரின் மரியன் தேவாலயத்தில் 1668 முதல் 1707 வரை ஆர்கன் கலைஞராகப் பணியாற்றிய புக்ஸ்டெஹூடே விரும்பிக் கையாண்ட வடிவம் அது.

இது நல்ல கைத்திறன் கொண்ட படியெடுப்புதானே என்று கேட்கலாம். டிஸ்ட்லரின் வெறுமையான நான்காம், ஐந்தாம் இடைவெளிகளும் தடம் மாறித் துள்ளும் தாளமும் புக்ஸ்டெஹூடே காதில் விழுந்திருந்தால் பிழையென்றே பட்டிருக்கும். கடன் வாங்கியது வடிவத்தை. மொழி 20ஆம் நூற்றாண்டுடையது. என் கட்சிக்கு இதைவிட வலுவான மறுப்பு இசையமைப்பாளர் லிகெட்டி ஆர்கனுக்கு எழுதிய 'வொல்யூமினா' (1962). அதில் மெட்டில்லை, தாளமில்லை. முன்கையால் கட்டைகளை மொத்தமாக அழுத்தி எழுப்பும் ஒலித்திரள்தான் இசை. ஆக, இறந்தகாலத்தின் துணையில்லாமலும் ஆர்கன் பேசும். எந்திரம் பழைய இசையை நோக்கித் தள்ளுகிறதே தவிரக் கட்டாயப்படுத்துவதில்லை என்று என் வாதத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் திரள் நிற்பதே தேயாத ஒலியின்மேல்தான். அதே லிகெட்டி 1953இல், ரோமாபுரியின் பழைய ஆர்கன் மேதை ஃபிரெஸ்கோபால்டிக்குக் காணிக்கையாக, இதே கருவிக்கு ரிச்செர்காரே என்ற பழைய பின்னல் வடிவில் ஒரு படைப்பு எழுதியிருந்தார்.