தாவும் பரம்பரையலகும் அதன் இருப்பிடமும்

மாம்பழக் காலத்திலே கனிந்த கறுத்தக்கொழும்பானைச் சிற்றீக்கள் மொய்ப்பதை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அத்தகைய சிற்றீக்களுள் ஒன்றாகிய துரொசோபிலா மெலனோகாசுத்தர் என்னும் பழ ஈ, பிறப்புரிமையியலாருக்கு நூறாண்டுக்கு மேலாகப் பாடநூலாய் விளங்குகின்றது.

1910 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மோர்கன், செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஈ ஒன்றைக் கண்டார். பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களிலே உள்ளன என்னும் கொள்கை அதனால் வலுப்பெற்றது. கண்ணிறத்துக்குரிய அலகிலே 'டொக்' என்னும் தாவும் அலகு புகுந்தமையே அவ்வெண்மைக்குக் காரணம் எனப் பிற்காலத்தார் கண்டனர். இத்தகைய அலகுகளைச் சோளப் பயிரில் 1940களில் முதன்முதல் உணர்ந்தவர் பார்பரா மக்கிளிந்தொக்கு அம்மையார். அவர் நோபல் பரிசு பெற்றது 1983 இல்.

இவை புகுமிடத்தை எங்ஙனம் தெரிகின்றன? விடை அலகுக்கு அலகு வேறுபடும். 'பீ' என்னும் அலகு, பரம்பரையலகுகளின் தொடக்கப் பகுதிகளையே பெரிதும் நாடும். புகுந்த இடத்தில் எட்டு மூலச்சோடிகள் இருபுறமும் இரட்டிக்கும். டி.என்.ஏ. இரட்டித்தல் தொடங்கும் இடங்களோடு அதன் புகுமிடங்கள் பொருந்துவதை 2011 இல் சுபிராட்லிங்கு முதலியோர் காட்டினர். இரட்டித்த இடத்தினின்றும் இன்னும் இரட்டியாத இடத்துக்குத் தாவினால் அவ்வலகின் தொகை பெருகும் என்பது அவர்தம் கருத்து.

'ஆர்1', 'ஆர்2' என்பன, இரைபோசோம் ஆர்.என்.ஏ.க்குரிய அலகுகளிலே குறித்த ஓரிடத்தை மட்டும் அவற்றின் நொதியம் வெட்டுதலால் அங்கேயே புகும். அவ்வலகுகள் நூற்றுக்கணக்கில் இருத்தலின், சில பழுதுறினும் ஈ பிழைக்கும். 'ஹெற்-ஏ', 'தாற்' என்பனவோ நிறமூர்த்த நுனிகளிலே சேரும். ஏனைய பல உயிர்களில் நுனி தேயாது காக்கும் தெலோமரேசு என்னும் நொதியம் இவ்வீக்கு இல்லை. அக்குறையை இவையே நிரப்புகின்றன. ஈண்டு விருந்தாளி வீட்டுக்கு உதவியாளனும் ஆகின்றான்.

எனினும், 'தெரிதல்' என்னுஞ் சொல்லை மாணாக்கர் விழிப்புடன் ஆளவேண்டும். அலகுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. நொதியம் எவ்விடத்தைப் பற்றுகின்றது என்பது ஒன்று. புகுந்தபின் எவ்வுயிர் பிழைக்கின்றது என்பது பிறிதொன்று. இன்றியமையாத அலகைச் சிதைத்த தாவல், அவ்வுயிரோடு மறைந்துவிடும். ஆதலின் இயற்கையிலே நாம் காண்பன புகுந்த இடங்கள் அனைத்தும் அல்ல, எஞ்சிய இடங்களே. இவ்விரண்டையும் வேறுபிரித்துணர்தலே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகும்.