பசியாறலோடு ஒரு படுக்கை

ஷா ஆலம்வாசிகளான எங்களுக்குப் பனி என்றால் ஐ-சிட்டியின் செயற்கைப் பனிதான். உள்ளே கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு வெளியே வந்தால் பழையபடி வெயில். நிஜமான குளிர்காலத்தில் ஒரு நகரத்தைப் பார்க்கலாம் என்று கடந்த டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். லண்டனில் இரண்டு நாள், பிறகு வட இங்கிலாந்தின் யார்க் நகரம். யார்க்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என் தாத்தா. அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்து, ரயில்வேயிலேயே ஓய்வு பெற்றவர். யார்க் நகரமும் ரயிலால் வளர்ந்த ஊர்தான்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரப் பயணம். ஹோட்டல் வேண்டாம் என்று ‘பெட் அண்ட் பிரேக்ஃபஸ்ட்’ ஒன்றில் பதிவு செய்திருந்தேன். நம்மூர்த் தமிழில் சொன்னால் படுக்கையும் பசியாறலும். ஒரு குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு விடுகிறது. காலை உணவும் அந்த வாடகையில் அடக்கம். யார்க்கில் ‘பூதம்’ என்றொரு சாலை இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்! அதைச் சுற்றியுள்ள பழைய செங்கல் வீடுகளில் இப்படிப்பட்ட விடுதிகள் நிறைய உண்டு.

டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் பகலில் சுமார் 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டைச் சுவரின் ஒரு பகுதியில் நடந்தோம். 1220 வாக்கில் தொடங்கி 1472-இல் முடிக்கப்பட்ட யார்க் மின்ஸ்டர் தேவாலயத்தையும் பார்த்தோம். இருட்டியதும் வீடு திரும்பினால் அறையில் கணகணப்பு, மேசையில் தேநீர்க் கெண்டி, கட்டிலில் வெந்நீர்ப் பை.

முதல் நாள் காலை. முட்டை, வேகவைத்த பீன்ஸ், காளான், வாட்டிய தக்காளி, ரொட்டி எல்லாம் மேசைக்கு வந்தன. சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைப் பக்கம் நடந்தார். வீட்டுக்கார அம்மையார் சிரித்தபடி அதை வாங்கிக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார்.

“எனக்கு என்னமோ மாதிரி இருக்குப்பா,” என்று அம்மா என் காதில் சொன்னார்.

விடியற்காலை நான்கரைக்கு எழுந்து தோசை சுட்டு, எங்களுக்குப் பள்ளிக்கும் அப்பாவுக்கு வேலைக்கும் கட்டிக் கொடுத்து, கடைசியில் நின்றபடியே பசியாறியவர் அவர். இரண்டாம் நாள் தானாகவே இன்னொரு கோப்பைத் தேநீர் கேட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மையாரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்.

“கல்யாணமாகி 38 வருஷம் ஆச்சு. மூணு நாள் தொடர்ந்து அடுத்தவங்க கையால பசியாறுனது இப்பதான்,” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றே தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனோம். அனுமதி இலவசம். 1938-இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, நீராவி ரயில்களில் உலகச் சாதனை படைத்த ‘மல்லார்ட்’ எஞ்சின் இந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. எண்ணெய் வாசம் வீசிய கூடத்தில் நின்று, “இது எங்கப்பா சட்டை வாசம்,” என்றார் அம்மா.

நீங்களும் போவதாக இருந்தால்:

* மலேசியர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் ‘இ.டி.ஏ.’ என்னும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம்.

* பழைய வீடுகளில் பெரும்பாலும் மின்தூக்கி இருக்காது. பெரியவர்கள் வந்தால் கீழ்த்தள அறை கிடைக்குமா என்று கேளுங்கள்.

* சைவமா, எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அங்கே சாசேஜ் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான்.

* போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். இரவெல்லாம் விழித்திருக்க அங்கே வரவேற்பாளர் கிடையாது.

* டிசம்பர் 25 அன்று ரயில்கள் ஓடாது. கிறிஸ்துமஸை ஒட்டிச் சில விடுதிகளும் மூடியிருக்கும்.

* அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் மூன்று இரவாவது தங்குங்கள். முதல் நாள் அவர்கள் தட்டைக் கழுவத்தான் எழுந்து போவார்கள்.