உறங்கும் எச்.ஐ.வி.: ஒவ்வொரு செல்லாகத் தேடுவது ஏன்?

2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு தாய்க்குக் குழந்தை பிறந்தது. 30 மணி நேரத்திலேயே குழந்தைக்கு மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதில் சிகிச்சை நின்றுபோனது. ஆனாலும் 27 மாதங்கள் இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. குணமாகிவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். 2014 ஜூலையில், வைரஸ் திரும்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்தது.

அதுவரை அது எங்கே இருந்தது?

எச்.ஐ.வி., நோயை எதிர்க்கும் சி.டி.4 வெள்ளையணுக்களுக்குள் புகுந்து, தன் மரபுக் குறிப்பை அவற்றின் டி.என்.ஏ.வோடு சேர்த்துவிடுகிறது. அப்படிப்பட்ட செல்களில் பல, வைரஸை உற்பத்தி செய்து மடிந்துவிடும். சில மட்டும் ஓய்வு நிலைக்குப் போய்விடும். உள்ளிருக்கும் வைரஸும் உறங்கும். மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கின்றன. பெருகாமல் படுத்திருப்பதை அவை ஒன்றும் செய்வதில்லை. முறையாக மருந்து எடுப்பவர்களிடமும் இத்தகைய செல்கள் இருப்பதை 1997-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓய்விலுள்ள சி.டி.4 செல்களில், மீண்டும் பெருகக்கூடிய வைரஸை வைத்திருப்பது ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்றுதான்.

இரத்தத்தை மொத்தமாகச் சோதித்தால் சராசரிதான் கிடைக்கும். ஓர் ஊரின் சராசரி வருமானத்தைத் தெரிந்துகொண்டு, எந்த வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை என்று நாம் சொல்லிவிட முடியுமா? அதனால்தான் செல்களைத் தனித்தனியே பிரித்துப் படிக்கிறார்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோ குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. செல்களைத் தூண்டிவிட்டும் விழிக்காத வைரஸ்களை அவர்கள் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். சுமார் 88 சதவீதம் சிதைந்தவை. அவற்றால் இனி பெருக முடியாது. மீதி 12 சதவீதம் முழுமையானவை. முதல் தூண்டலில் அசையாத ஒரு வைரஸ், இரண்டாவது தூண்டலில் விழித்துக்கொண்டதும் உண்டு. இதுதான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது. உறங்குவதை எழுப்பி அழித்துவிடலாம் என்ற சிகிச்சை முயற்சி, எல்லாம் ஒரே நேரத்தில் எழும் என்று எண்ண முடியாது.

வைரஸ் டி.என்.ஏ.வில் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதும் செல்லுக்குச் செல் மாறுகிறது. மருந்தே இல்லாமல் வைரஸைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அபூர்வமான சிலரிடம், முழுமையான வைரஸ்கள் பெரும்பாலும் மரபணுக்கள் இயங்காத பகுதிகளில் முடங்கிக் கிடப்பதை 2020-இல் கண்டார்கள். போதாததற்கு, தொற்றிய செல் தானே இரண்டாகப் பிரியும்போது வைரஸும் நகலாகிவிடுகிறது.

‘ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, இனி மாத்திரை எதற்கு’ என்று நிறுத்திவிடுபவர்களும், நிறுத்தச் சொல்லும் சில நாட்டு வைத்தியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட் இரத்தத்தில் சுற்றும் வைரஸை மட்டுமே அளக்கிறது. மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடுகிறது.