கல்லூரிக் கால்பந்தும் ஐப்பசி மழையும்

தாமிரபரணியும் சிற்றாறும் கலக்கும் சீவலப்பேரிக்குப் பக்கத்துக் கல்லூரி ஊர் பாளையங்கோட்டை. அங்குள்ள தூய யோவான் (1878), தூய சவேரியார் (1923) கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், பிறகு மதுரையோடும் இணைந்திருந்தன. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததும் பல்கலைக்கழகக் கால்பந்து அணித் தேர்வு நெல்லைச் சீமைக்கே வந்தது. இங்குள்ள பையன்களுக்கு அது பெரிய வாசல். கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் கண்ணில் படுபவர் பல்கலைக்கழகச் சட்டை அணிந்து தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம்.

இந்த ஆட்டங்கள் நடக்கும் மைதானம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேறாகிவிடும். தரையோடு தட்டிவிட்ட பந்து பாதி வழியில் நின்றுவிடும். பழைய காலத்துத் தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனக்கும். அதன் வாயைக் கட்டிய வார் நெற்றியில் பட்டால் தோல் கிழியும். அப்படியும் அக்கால ஆட்டக்காரர்கள் தலையால் முட்டினார்கள்.