பிரேக்கை நீங்களே மாற்றிய பிறகு சில்லில் சத்தம் வந்தால்

மீள்குடியேறிய கிராமங்களில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் பல வீடுகளின் வருமானம். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒருநாள் நின்றால் அன்றைய வியாபாரம் போய்விடும். 2006இல் இடம்பெயர்ந்து 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூருக்குத் திரும்பியவர்களுக்கு வீடு, கிணறு, வேலி என்று செலவு வரிசையாக நிற்கிறது. இந்த நிலையில் பிரேக் சூ மாற்றுவதற்குக் கூலி கொடுக்காமல் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டுவது இயல்பானது. கவனமாகச் செய்தால் அதில் தவறும் இல்லை. ஆனால் பூட்டிய மறுநாளே சில்லிலிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். "புது சூ, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பார்கள். சில சத்தங்கள் அப்படிச் சரியாகும், சில சத்தங்கள் ஆளைக் கவிழ்க்கும். இரண்டையும் பிரித்தறிவதற்காகவே இந்தப் பக்கங்கள்.

முதலில் ஆள் நடமாட்டமற்ற சமதரையான வீதியில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்தாமல் வண்டியை உருள விடுங்கள். சத்தம் தொடர்ந்து வந்தால் அது சில்லுப் பக்கத்துச் சத்தம். இனிப் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா, மிதித்தாலும் விட்டாலும் ஒரேமாதிரி இருக்கிறதா? பாதி விடை இந்த மூன்று கேள்விகளிலேயே கிடைத்துவிடும்.

மிதிக்கும்போது மட்டும் "கீச்" என்று கேட்டால் பெரும்பாலும் பயமில்லை. புதிய லைனர் டிரம்மின் வளைவோடு இன்னும் பொருந்தவில்லை. வெற்று வீதியில் பலமுறை மிதமாக மிதித்து, இடையிடையே ஆற விட்டால் குறையும். மாரி மழை பெய்த இரவுக்குப் பின் காலையில் வரும் சத்தமும் டிரம்மின் உள்ளே படர்ந்த மெல்லிய கறளினால்தான். நாலைந்து தடவை மிதிக்க அது உரசிப் போய்விடும். கீச்சலோடு பிரேக் திடீரெனக் கவ்விப் பிடித்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ கதை வேறு. பூட்டும்போது கையிலிருந்த கிறீஸ் லைனரில் பட்டிருக்கலாம், அல்லது பிரேக் ஒயில் கசிந்திருக்கலாம். ஒயில் ஊறிய லைனரை உரஞ்சித் துடைத்துத் திரும்பப் பூட்டுவது வீண் வேலை. கசிவை நிறுத்தி, சூவை மாற்றத்தான் வேண்டும்.

மிதிக்கும்போது இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். லைனர் சூவிலிருந்து கழன்றிருக்கலாம். ஆணி அடித்த லைனராக இருந்தால் ஆணித் தலை டிரம்மைச் சுரண்டலாம். அந்த வண்டியில் பயணி ஏற்றக்கூடாது. கோணேசர் மலையிலிருந்து இறங்கும் சரிவில் போய் இதைச் சோதிக்கவும் கூடாது.

மிதிக்காதபோதும் "சரசர" என்ற உரசல் கேட்பதுதான் எங்களிடம் அதிகமாகச் சொல்லப்படும் முறைப்பாடு. சில்லை நிலத்திலிருந்து உயர்த்திக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்று முழுவதும் இறுக்கமென்றால் சூ அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கிறது, அல்லது சூவைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால் டிரம் வட்டம் குலைந்திருக்கலாம், அல்லது சில்லு சாய்வாகப் பூட்டப்பட்டிருக்கலாம். சில்லு நட்டுகளில் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சிறிது தூரம் ஓடியபின் டிரம்மில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் சுரீரென்று ஆவியானால் அந்தப் பக்கம் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடற்கரையில் ஓடும் வண்டிகளில் இது சாதாரணம். உப்பு, ஓட்டோவின் சில்லு சிலிண்டரையும் மோட்டார் சைக்கிளின் பிரேக் கேமையும் கறள் பிடித்து இறுக்கிவிடும். சூவை எத்தனை தரம் மாற்றினாலும் கறள் அங்கேயே இருக்கும்.

ஓட்டோவைப் பக்கவாட்டில் சரித்து வேலை செய்வது நம் ஊர் வழக்கம். நிமிர்த்திய பிறகு பிரேக் ஒயில் மட்டத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றும் வரை ஓட்டக்கூடாது. குறைந்த மட்டத்தை என்ஜின் ஒயிலால் நிரப்பினால் உள்ளேயுள்ள இறப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

மோட்டார் சைக்கிளில் இன்னும் ஒன்று. பின் பிரேக் தட்டை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் கம்பியைப் பூட்ட மறந்தால், அல்லது அதன் நட்டு கழன்றால், பிரேக் மிதித்ததும் தட்டே சில்லோடு சுழன்று சில்லை இறுக்கிவிடலாம். "டக் டக்" என்ற சத்தம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிறகு சங்கிலி இரு பக்கமும் ஒரே அடையாளக் கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முன் சில்லில் டக் டக் கேட்டால் வேகமானியின் பல் சரியான வெட்டில் உட்காராமல் இருக்கலாம்.

பிரேக்கோடு சம்பந்தமே இல்லாமல், வேகம் கூடக் கூட உயரும் "ஊம்" என்ற இரைச்சல் பெயாரிங்கினுடையது. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரியும். டிரம்மைக் கழற்றச் சுத்தியலால் ஓங்கி அடித்த கைகளுக்கு இது ஆச்சரியமாக இராது. அச்சில் இருந்த இடைக்குழாயை விட்டுவிட்டு நட்டை இறுக்கினாலும் பெயாரிங் நசியும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலைக்குப் போக வண்டிகள் பாதையில் காத்துக் கிடந்தன. இப்போது நிற்காமல் நெடுந்தூரம் வேகமாக ஓடுகிறோம். முன்பு கேட்காத பெயாரிங் இரைச்சல் இப்போது கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்க விடவோ வேண்டாம். பழைய லைனர்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். டிரம்மைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காய வைத்தால் போதும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும்.

அரைபடும் சத்தம், ஒயில் கசிவு, பஞ்சு மிதி, பெயாரிங் தளர்வு ஆகிய நான்கையும் முற்றத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள கராஜுக்குக் கொண்டு போங்கள். போகும்போது கழற்றிய பழைய சூக்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தேய்ந்திருந்தால், எங்கே ஒட்டிக்கொள்கிறது என்பதை மெக்கானிக் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.